தவிட்டுப் பிள்ளை

படத்தில் அந்தச் சின்னப் பாதம் இல்லை.

துடைக்கிற துணியோடு வீரம்மா நின்றுவிட்டாள். நேற்றுக் காலையில் சட்டத்தைத் துடைத்தபோது பாதம் இருந்தது, அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. படத்தின் நடுவில் நிற்கிற வெள்ளைக்காரப் பெண் ஒரு மஞ்சள் போர்வையைத் தலையோடு போர்த்தியிருந்தாள். அதற்குள் ஒரு பிள்ளையை இழுத்து, இடுப்போடு சேர்த்து மறைத்திருந்தாள். பிள்ளையின் முகம் தெரியாது, கை தெரியாது. போர்வையின் ஓரத்தில் ஒரே ஒரு பாதம் மட்டும் ஐந்து விரலும் தெரிய வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பிள்ளை இருப்பதே அதை வைத்துத்தான் தெரியும். இன்றைக்குப் போர்வை மடிப்பு மடிப்பாகத் தரைவரை விழுந்திருந்தது.

வெளிச்சம் போதவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெளிச்சம் எங்கே இருந்தது? ஆனி பிறந்ததிலிருந்து மழை விடவில்லை. தலவாக்கலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கில், மலை உச்சியில் தனியாக நிற்கிற பங்களா அது. மூடுபனி காலையிலேயே ஜன்னல் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டால் சாயந்தரம்வரை போகாது. தகரக் கூரையில் மழை, கூரையோரப் பீலியில் தண்ணீர், கருப்பந்தேயிலை என்கிற யூகலிப்டஸ் மரங்களுக்குள் காற்று, எங்கேயோ சரியாகச் சாத்தாத ஒரு கதவு. ஈரக் கம்பளத்தின் நாற்றமும் தரை மெழுகின் வாசனையும் பச்சை விறகின் புகையும் கலந்து தொண்டையில் நின்றன. அப்படிப்பட்ட நாளில் ஒரு பாதம் கண்ணுக்குத் தப்புவது பெரிய அதிசயமில்லை. ஆனாலும் அவளால் அங்கே நிற்க முடியவில்லை, அதை விட்டு நகரவும் முடியவில்லை.

ராணி கண்டிக்கு வந்துபோன வருசம் அது. புதுத் துரையின் மனைவி சீமையில் தன் அப்பா வீட்டில் மாட்டியிருந்த படம் என்று ஆசையாகக் கப்பலில் வரவழைத்தாள். தலவாக்கலை ஸ்டேசனிலிருந்து நாலு பேர் தடி கட்டித் தூக்கிக்கொண்டு மலையேறினார்கள். தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக் காம்பராவின் கதவைப் படுக்கவைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு பெரிய படம். சாப்பாட்டு அறையின் சுவரில் அதை மாட்டிய நாளிலிருந்து வீரம்மாவுக்கு அந்த அறையைக் கூட்டுவது வேப்பங்காயாகிவிட்டது.

படம் முழுக்கப் பிள்ளைகள் கிடந்தார்கள். கல்தூண்களுக்கு நடுவே, படிக்கட்டில், ஒருவர் காலில் ஒருவர் தலை வைத்துக் கிடந்தார்கள். எல்லாரும் பால்வெள்ளை. நெஞ்சில் ஒரு அம்பு, அதிலிருந்து நூல்போல ஒரே ஒரு கோடு ரத்தம். கூத்து மேடையில் விழுகிறவர்களைப்போல, கையை அழகாக விரித்து, தலைமுடி கலையாமல் கிடந்தார்கள். பிள்ளை செத்துக் கிடப்பதை வீரம்மா பார்த்திருக்கிறாள். அது அழகாக இருக்காது. இந்தப் படத்தை எழுதியவனுக்கு ஒன்றுமே தெரியாது என்று முதல் நாளே அவளுக்குக் கோபம் வந்தது.

ஒன்று மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது. தாயின் முகம். வாய் பாதி திறந்து, அழாமல், கத்தாமல், கண்ணை மட்டும் உயர்த்தி நின்றாள். மேலே கருநீல மேகத்தில், கவனித்துப் பார்த்தால்தான் தெரிகிற அளவில், வில்லை வளைத்துக்கொண்டு இரண்டு பேர்.

நேற்றுத்தான் அந்தக் கதையைத் துரைசானி சொன்னாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, வீரம்மா படத்தையே பார்ப்பதைக் கண்டு, சமையல்கார அப்பு செல்லசாமியைக் கூப்பிட்டு அவளுக்கு விளங்கப்படுத்தச் சொன்னாள். செல்லசாமி மூன்று துரைகளுக்குச் சமைத்தவன், தன் இங்கிலீசைப் பற்றி அவனுக்குப் பெருமை அதிகம். துரைசானி பத்து வார்த்தை சொன்னால் அவன் முப்பது வார்த்தை சொல்வான்.

"இந்தப் பொம்பள ஒரு ராசா பொண்டாட்டி. நெறையப் புள்ளைங்க. ஒரு நா சபையில நின்னு, எனக்கு இத்தன இருக்கு, அந்தப் பொம்பளச் சாமிக்கு ரெண்டே ரெண்டுதானேன்னு எண்ணிச் சொல்லிப்புட்டா. அந்த ரெண்டு புள்ளைங்களும் மேகத்து மேல ஏறி, எண்ணி எண்ணி அடிச்சிருச்சுங்க."

வீரம்மாவுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. பெற்ற பிள்ளையை எண்ணக் கூடாது என்பது லயத்தில் சின்னப் பெண்ணுக்குக்கூடத் தெரியும். எத்தனை பிள்ளை என்று யாராவது கேட்டால், ஏதோ கிடக்குதுங்க என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். இதற்கு ஒரு படம் எழுதி, கப்பலேற்றி, இந்த மழையில் நாலு பேரைத் தூக்கவைக்க வேண்டுமா?

கடைசிப் பிள்ளை என்ன ஆனது என்று மட்டும் கேட்டாள். செல்லசாமி துரைசானியிடம் கேட்டான். அவள் சிரிப்பை விட்டுவிட்டு, மெதுவாக நீளமாக ஏதோ சொன்னாள். அவன் திரும்பி, பிழைத்துக்கொண்டதாம் என்றான். செல்லசாமி பொய் சொன்னால் காதைச் சொறிவான். அப்போதும் சொறிந்தான். அதன்பிறகு அந்தத் தாய் அழுது அழுது கல்லாகிப்போனாளாம், இன்றைக்கும் அந்தக் கல்லிலிருந்து தண்ணீர் வடிகிறதாம். துக்கத்தை அடக்கிக்கொண்டு நிற்கிறாளே, அதுதான் இந்தப் படத்தின் உசத்தி என்று துரைசானி சொல்வதாகவும் சொன்னான்.

பிறகு துரைசானி வீரம்மாவைக் காட்டி ஒன்று கேட்டாள். உனக்கு எத்தனை பிள்ளை என்று கேட்கிறாள் என்றான் செல்லசாமி.

"புள்ள இல்லீங்க" என்றாள் வீரம்மா.

செல்லசாமிக்கு மனசு கேட்கவில்லை. நல்லவன்தான், ஆனால் வாயை அடக்கத் தெரியாதவன். இங்கிலீசில் என்னவோ சொன்னான். சொல்லும்போது படத்துக்கு நேரே கையை உயர்த்தி ஐந்து விரலையும் விரித்தான். பிறகு ஒவ்வொன்றாக நாலை மடக்கினான். ஒரு விரல் மட்டும் நின்றது.

துரைசானியின் கண் கலங்கியது.

அந்த ஒரு விரல் குப்பாயி. அவளுக்கு முன்னால் பிறந்த எவரும் ஐந்து வயதைத் தாண்டவில்லை. அதனால் குப்பாயி பிறந்த அன்றைக்கே முறத்தில் வைத்து லயத்துக்குப் பின்னால் குப்பைமேட்டில் போட்டார்கள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்கிற பிள்ளைக்காம்பராவின் ஆயா அம்மாக்கண்ணு, யாரோ போட்டதைக் கண்டெடுத்தவளாக வந்து தூக்கினாள். வீரம்மாவின் முந்தானையில் ஒரு பிடி தவிட்டைப் போட்டாள். விற்றாயிற்று. அன்றிலிருந்து சாவின் கண்ணில் பட்டாலும் அது வீரம்மாவின் பிள்ளை இல்லை. பால் கொடுத்ததும் இரவில் பக்கத்தில் போட்டுத் தூங்கியதும் வீரம்மாதான். ஆனால் குப்பாயி அம்மாக்கண்ணுவை அம்மா என்றும் வீரம்மாவை அக்கா என்றும் கூப்பிட்டாள்.

வருகிற ஆடிப் பதினெட்டோடு ஐந்து வயது முடிகிறது. அன்றைக்கு வீரம்மா ஒரு பிடி தவிடு கொண்டுபோய் அம்மாக்கண்ணுவின் கையில் கொடுத்துப் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இன்னும் இருபத்தொரு நாள். நாளை எண்ணலாம், அதில் குற்றமில்லை. அன்றைக்கு அவள் வாயால் ஒருதடவை அம்மா என்று கேட்டுவிட வேண்டும், வீரம்மா கும்பிடுகிற சாமிகளிடம் எல்லாம் கேட்டது அது ஒன்றுதான். புருசன் சோலைமலைகூடக் கேலி செய்வான், இப்போதே காதைத் தீட்டி வைத்துக்கொள் என்பான்.

இதெல்லாம் நேற்று. இன்றைக்குப் பாதம் இல்லை.

துரையும் துரைசானியும் விடிந்ததும் நுவரெலியாவுக்குக் காரில் போய்விட்டார்கள். பங்களாவில் குசினியில் இருக்கும் செல்லசாமியும் அவளும்தான். வீரம்மா அவனைக் கூட்டிவந்து படத்தின் முன் நிறுத்தினாள். பாதத்தைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. கீழே கிடக்கிறவர்களை எண்ணச் சொன்னாள். அவளால் படத்துப் பிள்ளைகளைக்கூட எண்ண முடியாது.

செல்லசாமி கரண்டியை நீட்டி நீட்டி எண்ணினான். ஏழு என்றான். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னொரு தடவை எண்ணினான்.

"ஆறு விழுந்திருச்சு, ஏழாவது போர்வைக்குள்ளன்னுதான் தொரசானி சொன்னாங்க. நான்தான் தப்பாக் கேட்டேன் போல" என்றான். அடுப்பில் பால் இருக்கிறது என்று போய்விட்டான்.

அவள் பார்த்தாள். படிக்கட்டின் கடைசியில், தூணின் நிழலில், மற்றவர்களைவிடச் சின்னதாக ஒன்று குப்புறக் கிடந்தது. நேற்று அங்கே நிழல் மட்டும் இருந்ததா? தெரியவில்லை. எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும்.

சொட்டுச் சத்தம் கேட்டது. படத்துக்குக் கீழே மெழுகிட்ட தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது. இது தினமும் நடப்பதுதான், மழைக்காலத்தில் சுவர் ஓதம் காப்பது புதிதில்லை, காலையும் மாலையும் அவள்தான் துடைக்கிறாள். ஆனால் இன்றைக்குக் குனிந்தபோது, அந்தத் தண்ணீர் சுவரிலிருந்து வரவில்லை என்பதைக் கண்டாள். படத்தின் உள்ளிருந்து, தாயின் கன்னத்திலிருந்து, போர்வையின் மடிப்பு வழியாக இறங்கி, சட்டத்தின் விளிம்பில் நின்று, சொட்டியது. விரலால் தொட்டாள். ஏன் செய்தாளோ, நாக்கில் வைத்தாள். உப்பு.

முதலில் அவளுக்கு நினைவு வந்தது செல்லசாமியின் விரல். நின்றுகொண்டிருந்த அந்த ஒரு விரல். வில்காரர்கள் இந்தத் தாயின் பிள்ளைகளை முடித்துவிட்டார்கள். அம்பறாத்தூணி காலியாகவில்லை. மேகத்தில் அவர்கள் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்க நாற்காலிமேல் ஏறினாள். நேற்றுவரை கீழே பார்த்திருந்த இரண்டு சின்ன முகங்களும் இப்போது நேரே அறையைப் பார்ப்பதுபோல இருந்தன. யார் பிள்ளை, எத்தனை, எங்கே என்று தேடுகிற கண்கள்.

இறங்கிக் கைகூப்பினாள். கோயிலில் சொல்வதுபோலச் சத்தமாகச் சொன்னாள். வில்காரர்களைப் பார்த்துத்தான் சொன்னாள், தாயைப் பார்க்கவில்லை.

"எனக்குப் புள்ள இல்லீங்க. பிள்ளைக்காம்பராவுல இருக்கிற குப்பாயி என் புள்ள இல்ல. அத அம்மாக்கண்ணுகிட்டத் தவிட்டுக்கு வித்தாச்சு. தவிடு குடுக்கிறவங்க யாரோ அவங்களுக்குத்தான் அது சொந்தம்."

சொட்டுச் சத்தம் நின்றது.

அப்பாடா என்று இருந்தது. சாமியை ஏமாற்றிவிட்ட திருப்தி ஒன்று உண்டே, அது. தரையைத் துடைத்துவிட்டு, படுக்கையறைகளைக் கூட்டி, குளியலறையைக் கழுவினாள். குசினியில் செல்லசாமி கொடுத்த ரொட்டியைத் தின்றாள். குப்பாயியின் நினைப்பாகவே இருந்தது. முந்தாநாள் வாசற்படியில் இடித்துக் கட்டைவிரல் நகம் பெயர்ந்து, டிஸ்பென்சரியில் ஊதா மருந்து தடவிவிட்டார்கள். அந்த ஊதாவை லயம் முழுக்க எல்லாரிடமும் காலைத் தூக்கிக் காட்டிவிட்டு வந்தாள், நகை போட்டவள்போல. கணுக்காலில் கருப்புக் கயிறு, அதற்குக் கீழே ஊதா விரல். வீரம்மா ரொட்டியை மென்றபடியே சிரித்துக்கொண்டாள்.

மூன்று மணி இருக்கும். சாப்பாட்டு அறையில் கணப்பு மூட்ட விறகோடு போனாள். மழை திடீரென்று ஓய்ந்திருந்தது. கூரையில் சத்தம் இல்லை, பீலியில் சத்தம் இல்லை. அத்தனை நாள் இரைச்சலுக்குப் பிறகு அந்த அமைதி காதை அடைத்தது. அறைக்குள் ஒரு வாசனை, முதலில் பிடிபடவில்லை, மாட்டுக்கொட்டிலில் வருகிற வாசனை.

தவிடு.

படத்துக்குக் கீழே தரை ஈரம். அவள் துடைத்த இடம். அங்கிருந்து ஒரு ஈரத் தடம் மேசையைச் சுற்றி, கதவைத் தாண்டி, பின்கட்டுக்குப் போனது. இழுபட்ட துணியின் தடம். நடுநடுவே வெறுங்கால் அடையாளம். பெரிய கால். நீளமான விரல்கள்.

அவள் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. கழுத்து மறுத்துவிட்டது.

தடத்தின் பின்னே போனாள். பின்வாசல் திறந்திருந்தது. கொட்டிலில் பசு ஒரு மூலையில் ஒடுங்கி நின்றது. தவிட்டு டின்னின் மூடி தரையில். தவிட்டில் ஒரு கை அள்ளிய பள்ளம். பள்ளத்தைச் சுற்றி ஈரம்.

விறகு கையிலிருந்து விழுந்தது. ஓடினாள்.

பங்களாவிலிருந்து பிள்ளைக்காம்பராவுக்குத் தேயிலைக்குள் குறுக்குப்பாதை. மூடுபனியில் மூன்று அடிக்கு அப்பால் செடி தெரியவில்லை. வழுக்கியது, விழுந்தாள், எழுந்தாள். ஓடும்போதுதான் படத்துத் தாயின் முகம் அவளுக்குள் வந்தது. துக்கத்தை அடக்கிக்கொண்டு நிற்கிற முகம் என்று துரைசானி சொன்னாள், செல்லசாமி சொன்னான், அவளும் நம்பினாள். அது துக்கத்தை அடக்குகிற கண் இல்லை. அந்தக் கண்ணை அவளுக்குத் தெரியும். நாலாவதையும் புதைத்துவிட்டு வந்த மாதத்தில் அவளே பிள்ளைக்காம்பரா வாசலில் போய் நின்றிருக்கிறாள், மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, வெறுமனே. அப்போது தாய்மார் அவளைக் கண்டதும் பிள்ளைகளை முந்தானையால் மூடினார்கள். ஏன் மூடுகிறார்கள் என்று அன்றைக்கு அழுதாள். இப்போது தெரிந்தது. வில்காரர்களுக்குப் பயந்து, அவர்களைவிடப் பசித்த அந்தத் தாயின் காதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இருக்கிற இடத்தையும் சொல்லி. விலையையும் சொல்லி.

அம்மாக்கண்ணு வாசலில் தொட்டில் துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். வீரம்மாவைக் கண்டு சிரித்தாள்.

"என்னா, எதையாச்சும் மறந்துட்டியா?"

"குப்பாயி எங்கக்கா?"

அம்மாக்கண்ணுவின் சிரிப்பு போகவில்லை, ஆனால் கை நின்றது.

"இப்பதானே வந்து தூக்கிட்டுப் போன. ஆடிக்கு இன்னும் நாள் கெடக்கேன்னு நான் கேட்டேன், நீ வாயே தொறக்கல. மஞ்சப் போர்வைய மொகம் தெரியாம போத்தியிருந்த, தொரசானி குடுத்ததுன்னு நெனச்சேன். தவிட்டக் கையில வச்ச. கை என்னமோ கல்லு மாதிரி சில்லுன்னு இருந்துச்சு, மழையில நனஞ்சிருப்பன்னு..." அவள் வீரம்மாவின் தோளில் கிடந்த கருப்புக் கம்பளியைப் பார்த்தாள். பேச்சு தடுமாறியது. "நான்தான் சொல்லிக் குடுத்தேன். இனிமே அக்கா இல்ல, அதுதான் ஒன் அம்மான்னு. அம்மா அம்மான்னு கூப்புட்டுக்கிட்டேதான் போச்சு."

திண்டின்மேல் ஒரு பிடி தவிடு இருந்தது. ஈரம் ஊறி, விரல் அடையாளத்தோடு. வீரம்மா அதைத் தொட்டு நாக்கில் வைத்தாள். வைக்காமலே தெரியும்.

பின்னால் அம்மாக்கண்ணு கூப்பிடுவது கேட்டது. கேட்டுக்கொண்டே மலையேறினாள். மூச்சு இல்லை. கால் எங்கே படுகிறது என்று தெரியவில்லை. குப்பாயி, குப்பாயி. சத்தம் பனிக்குள் போய்த் திரும்பவில்லை.

பின்வாசல். ஈரத் தடம். இப்போது இரண்டு வரிசை. போனது ஒன்று, வந்தது ஒன்று. வந்த வரிசையில் பெரிய காலின் பக்கத்தில் சின்னக் கால் எதுவும் இல்லை. இடுப்பில் வைத்துத் தூக்கி வந்திருக்கிறாள்.

சாப்பாட்டு அறை.

சுவர் காய்ந்திருந்தது. சட்டம் காய்ந்திருந்தது. தூண்கள், மேகம், கிடக்கிற பிள்ளைகள், எல்லாம் இருந்த இடத்தில். வில்காரர்கள் வில்லை இறக்கியிருந்தார்கள். தாய் மேலே பார்க்கவில்லை. குனிந்திருந்தாள். வாய் மூடியிருந்தது. தூங்கவைக்கிற முகம். மஞ்சள் போர்வை அவள் இடுப்பில் புடைத்து நின்றது, இரண்டு கையும் அதைச் சுற்றி இறுக்கியிருந்தன.

போர்வையின் ஓரத்தில் ஒரு பாதம். மற்ற எல்லாமும் பால்வெள்ளையாக இருந்த அந்தப் படத்தில் அது மட்டும் கருப்பு. கணுக்காலில் கயிறு. கட்டைவிரலில் ஊதா.

வீரம்மா கையை நீட்டினாள். கை நீளவில்லை. கால் பெயரவில்லை. கன்னத்தில் என்னவோ இறங்கித் தாடையில் நின்று, தரையில் சொட்டியது. அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகக் கேட்டது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, குளிருக்கு இழுத்துக்கொள்வதுபோல, அந்தப் பாதம் மெதுவாகப் போர்வைக்குள் போனது.